எல்கே-99: அந்தச் சில்லு மிதந்ததா, சாய்ந்து நின்றதா?

வேல்முனை:
"எல்கே-99 உண்மையான கண்டுபிடிப்பு, பொறாமையில் அமுக்கிவிட்டார்கள்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. குளிர்விக்காமலே, மின்தடை துளியும் இல்லாமல் மின்சாரம் கடத்தும் மீகடத்தி இது என்று சொல்லி, அதற்கு அடையாளமாகச் சில்லு காந்தத்தின் மேல் மிதப்பதாக 2023 ஜூலையில் தென்கொரியக் குழு காட்டிய வீடியோவை மறுபடி பாருங்கள். சில்லின் ஒரு முனை காந்தத்தைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

கருங்காந்தம்:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். மறுமுனை அந்தரத்தில் நிற்கிறதே, அது கண்ணுக்குத் தெரியவில்லையா? மற்ற மீகடத்திகளைக் குளிர்விக்கும் திரவ நைட்ரஜன் இல்லை, ஒன்றும் இல்லை. சாதாரண அறை வெப்பம்.

வேல்முனை:
ஒரு முனை தொடுகிறது. வீட்டில் நான்கு நியோடிமியம் காந்தங்களைச் சதுரமாக அடுக்கி, மேலே நகத்தளவு பைரோலிட்டிக் கிராஃபைட் (ஒருவகைக் கரி) சில்லை வைத்திருக்கிறேன். முழுசாக மிதக்கிறது. அடியில் தாளை நுழைத்து இழுக்கலாம். அதையே யாரும் மீகடத்தி என்று சொல்வதில்லை. சீனாவின் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் செய்த எல்கே-99 துண்டும் இப்படித்தான் பாதி எழுந்தது. காரணம், இரும்புக்கு இருப்பது போன்ற காந்தத்தன்மை.

ஒற்றன்:
நாங்கள் படித்தது மீக்கடத்தி. க் எங்கே?

கருங்காந்தம்:
அப்புறம் எல்கே-99-இல் 104.8 டிகிரி செல்சியஸில் மின்தடை சடாரென்று விழுந்ததே, அதுவும் இரும்பா?

வேல்முனை:
தாமிர சல்ஃபைடு. எல்கே-99 சுடும்போது கசடாகத் தங்குவது. ஏறக்குறைய 104 டிகிரியில் அதன் படிக அமைப்பு மாறும், மின்தடையும் சரியும். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் பிரஷாந்த் ஜெயின் அந்த எண்ணை வைத்தே கண்டுகொண்டார். ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில், அந்த சல்ஃபைடை உண்டாக்கும் கந்தகம் சேராமல் எல்கே-99-ஐத் தனிப்படிகமாக வளர்த்தார்கள். ஊதா நிறம், ஒளி ஊடுருவுகிறது, மின்தடையோ லட்சக்கணக்கான ஓம். மின்சாரமே பாயாத பொருள் சார் அது! தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்திலும் செய்து பார்த்துவிட்டு இல்லை என்றார்கள்.

கருங்காந்தம்:
1986-ல் புதுவகை மீகடத்தி கண்டோம் என்று பெட்நோர்ஸ், முல்லர் சொன்னதையும்தான் முதலில் சந்தேகப்பட்டார்கள்.

வேல்முனை:
டோக்கியோவில் அதே வருடமே செய்து உறுதிப்படுத்திவிட்டார்கள். அடுத்த வருடம் நோபல். எல்கே-99-ஐ உலகம் முழுக்க செய்து பார்த்தார்களே, ஒரு இடத்திலாவது முழுசாக எழுந்ததா? ஒரு முனை தொட்டுக்கொண்டுதானே இருந்தது?

கருங்காந்தம்:
அந்தத் தென்கொரியக் குழுவின் லீயும் கிம்மும் 1999-லிருந்து பின்தொடர்ந்த பொருள். அந்த 99 பெயரிலேயே இருக்கிறது. உழைப்புக்கு ஒரு மரியாதை வேண்டாமா? போன தீபாவளிக்கு சோடியம் பேட்டரி பேச்சிலும் என்னை இப்படித்தான் மட்டம் தட்டினீர்கள்.

வேல்முனை:
பேட்டரி விஷயத்திலும் நான் சொன்னதுதான் சரி. உழைப்பை நான் குறை சொல்லவில்லை, முனையைச் சொல்கிறேன்.

ஒற்றன்:
இரண்டு பேரும் இன்னும் க் போடவில்லை.

வேல்முனை:
தம்பி, மீகடத்தி என்று அச்சிலேயே பார்த்திருக்கிறேன். தனியாக ஒரு இழை தொடங்கு, அங்கே வருகிறேன்.

கருங்காந்தம்:
அவனை ஏன் விரட்டுகிறீர்கள்? மறுமுனை எப்படி நின்றது, அதைச் சொல்லுங்கள்.

வேல்முனை:
மூன்று முறை சொல்லிவிட்டேன். மேலே போய்ப் படியுங்கள்.