பி.காம் முடிச்சாச்சு: ஆடிட்டர் ஆபீஸா, கம்பெனி அக்கவுண்ட்ஸ் பயிற்சியா?

நடத்துநர்:
வேறொரு இழையில் நொய்யல் ஒரு வரி போட்டிருந்தார்: "கணக்குத் தொழில் கத்துக்க ஆடிட்டர் ஆபீஸ் ஆர்ட்டிகல்ஷிப்தான் வழி, கம்பெனியில் அப்ரெண்டிஸாப் போறது ஒரு வருசத்தை வீணாக்கறது." அதுக்கு வந்த பதில்ல பாதி வசவு. அதனால் இங்கே தனியாப் பேசலாம். ஆர்ட்டிகல்ஷிப்னா சி.ஏ. படிக்கறவங்க ஆடிட்டர்கிட்ட எடுக்கற கட்டாயப் பயிற்சி, அப்ரெண்டிஸ்னா அப்ரெண்டிஸ் சட்டப்படி ஒரு கம்பெனியில எடுக்கற பயிற்சி. சொந்தப் பெருமை, சோகக் கதை ரெண்டும் வேண்டாம். விதி, தொகை, தேதி, வேலை விவரம், இவ்வளவுதான்.

நொய்யல்:
சொன்னதை மாத்திக்கலைங்க. 2023 ஜூலை 1-ல் வந்த புது சி.ஏ. திட்டத்துல ஆர்ட்டிகல்ஷிப் 2 வருசம்தான், முன்னாடி 3. இன்டர் பரீட்சையோட ரெண்டு குரூப்பும் தேறி, ஐ.டி. பயிற்சி, ஓரியன்டேஷன்னு 4 வாரம் முடிச்சுட்டுத்தான் உள்ளே போறாங்க. அதனால படிச்சது ஞாபகத்துல இருக்கும்போதே நிசக் கணக்கு மேசைக்கு வந்துருது.

அதுவும் ஒரே தொழில் கணக்கு இல்லை. முட்டைக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதனால நாமக்கல் பண்ணைக்காரர் கூண்டு வாங்கும்போது கட்டின வரியை இன்புட் கிரெடிட்டா (விக்கும்போது கட்டற வரியில கழிச்சுக்கறது) எடுக்க முடியாது, அதையும் அசல் விலையோட சேர்த்துத்தான் எழுதணும். திருப்பூர் ஏற்றுமதிக்காரருக்கு நேர் எதிர். உறுதிப்பத்திரம் கொடுத்துட்டு வரி கட்டாமலே சரக்கை அனுப்பலாம், வாங்கும்போது கட்டின வரியைத் திரும்பவும் கேட்கலாம். இந்த ரெண்டு ஃபைலும் ஒரே வாரத்துல கைக்கு வர்றவனுக்கு இன்புட் கிரெடிட்டைப் பாடமா நடத்த வேண்டியதில்லை. ஒரே கம்பெனியில் உட்கார்ந்தவனுக்கு மத்தது கண்ணுலயே படாது.

கொடிவேரி:
"ரெண்டு குரூப்பும் தேறி"ன்னு ஒரே மூச்சுல தாண்டிட்டீங்களே அண்ணா, வண்டி நிக்கறதே அங்கதானுங்க. ஆறு பேப்பர். ஒவ்வொண்ணுலயும் 40, குரூப் மொத்தத்துல 50 சதவிகிதம். ஒரு பேப்பர் 39-ல் நின்னா அந்த குரூப் போச்சு. 60 வாங்கின பேப்பருக்கு விலக்கு உண்டுதான், ஆனா மிச்சத்தை எழுதித்தானே ஆகணும். பழைய திட்டத்துல ஒரு குரூப் தேறினாலே ஆர்ட்டிகல் சேர்ந்துக்கலாம், இப்ப அந்தக் கதவும் சாத்தியாச்சு.

பி.காம் முடிச்ச பையன் அதுவரைக்கும் வீட்டுல உட்கார்ந்திருக்கணுமா? அப்ரெண்டிஸ் சட்டம் 1961-ல் இருந்தே இருக்கு. மத்திய அரசோட நாட்ஸ் (அப்ரெண்டிஸ் பதிவு) போர்ட்டல்ல பதிஞ்சா ஒரு வருசப் பயிற்சி. 2019 விதித் திருத்தப்படி பட்டதாரிக்குக் குறைஞ்சபட்சம் மாசம் 9,000-ன்னு வெச்சாங்க, அதுல பாதி 4,500 அரசோட பங்கா இருந்துச்சு. 30 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற நிறுவனம் 2.5 முதல் 15 சதவிகிதம் வரைக்கும் அப்ரெண்டிஸ் வெச்சே ஆகணும். அவிநாசி ரோட்டுலயும் பெருந்துறை சிப்காட்டுலயும் அந்தக் கணக்குக்குள்ள வராத கம்பெனி எத்தனைன்னு எண்ணிப் பாருங்க.

ஆர்ட்டிகலுக்கு சி.ஏ. இன்ஸ்டிட்யூட் சொல்ற குறைஞ்சபட்சம் எவ்வளவு? பெரிய நகரத்துல முதல் வருசம் 4,000, அடுத்த வருசம் 5,000. சின்ன ஊர்னா 2,000-ல் ஆரம்பம். கோபியில இருந்து ஈரோட்டுக்கு தினம் பஸ்ல போய்வர்றவனுக்கு அது டிக்கெட்டுக்கும் மதியச் சோத்துக்கும் சரியாப் போகும்.

நொய்யல்:
அது தரை, கூரை இல்லைங்க. நல்ல ஆபீஸ் அதுக்கு மேலதான் தருது. இன்னொண்ணு, அப்ரெண்டிஸ் சட்டத்தை முழுசாப் படிங்க. பயிற்சி முடிஞ்சா வேலை கொடுக்கணும்னு நிறுவனத்துக்குக் கட்டாயம் இல்லை. அப்ரெண்டிஸ் தொழிலாளியே இல்லைன்னும் அதுலயே இருக்கு, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. ரெண்டும் கிடையாது. ஒரு வருசம் கழிச்சு ஒரு சான்றிதழோட வெளியே வர்றீங்க. அடுத்த வருசம் அதே நாற்காலியில அடுத்த அப்ரெண்டிஸ். வருசம் முழுக்கக் கொள்முதல் பில் ஏத்தற வேலைதான் அது.

பேரேடு:
"ஒரே கம்பெனியில் உட்கார்ந்தவனுக்கு மத்தது கண்ணுல படாது"ங்கற வாதம் பனியன் கம்பெனிக்குச் செல்லாது. அங்க ஒரு ஆர்டருக்குள்ளயே ஏழெட்டு நிறுவனக் கணக்கு ஓடுது.

உதாரணத்துக்கு ஒரு லாட் (ஒரே தடவையா அனுப்பற சரக்கு) எடுத்துக்குங்க. 1,000 கிலோ நூல் நிட்டிங்குக்குப் போகுது, 985 கிலோ துணி வருது. அந்த 985 டையிங்குக்கு (சாயப்பட்டறைக்கு) போய் 926 ஆத் திரும்புது. டையிங்காரரோட பேசின நட்டம் 5 சதவிகிதம்னா 49.25 கிலோ வரைக்கும் கேள்வி இல்லை, 935.75 வந்திருக்கணும். 9.75 கிலோ குறையுது. துணி கிலோ 400 ரூபாய்னா 3,900-க்கு டெபிட் நோட்டு (அவர் கணக்குல பிடிக்கற தொகைக்கான சீட்டு). இதைப் பிடிக்க டிசி (டெலிவரி சலான்) நம்பர், லாட் நம்பர், போன எடை, வந்த எடை, பில் எடை அஞ்சையும் ஒரே வரியில் கொண்டுவரணும். பெரும்பாலும் சிக்கறது எங்கன்னா, டையிங் பில் போன எடைக்குப் போட்டிருக்கும், ஸ்டோர்காரர் வந்த எடையை வரவு வெச்சிருப்பார், அக்கவுண்ட்ஸ்ல இருக்கறவர் பில்லைப் பார்த்து 985-ஐயே ஸ்டாக்ல ஏத்திடுவார். 59 கிலோ துணி பேப்பர்ல மட்டும் கிடக்கும். மார்ச் 31-ல் குடோன்ல எண்ணும்போதுதான் அது தெரியும். அப்ப எந்த லாட்டுன்னு யார் தேடறது?

ஆடிட்டர் ஆபீஸ் பையன் வருசக் கடைசியில் வந்து "ஸ்டாக் குறையுது, விளக்கம் கொடுங்க"ன்னு ஒரு வரி எழுதுவான். குறைஞ்ச இடத்தைக் கண்டுபிடிக்கறது கம்பெனிக்குள்ள இருக்கறவன்தான். எது கணக்கு வேலை?

ஜாப் வொர்க்குக்கு (வெளியே கொடுத்துச் செய்யற வேலைக்கு) போன சரக்கு ஒரு வருசத்துல திரும்பணும், இல்லைன்னா அனுப்பின நாள்லயே வித்த மாதிரி வரி. விற்றுமுதல் 5 கோடிக்கு மேலன்னா ஐடிசி-04 (ஜாப் வொர்க் சரக்கு விவரப் படிவம்) வருசத்துக்கு ரெண்டு தடவை, அக்டோபர் 25, ஏப்ரல் 25. டிசி ஒழுங்கா இல்லாத கம்பெனியில அந்தப் படிவம் கற்பனைக் கதைதான்.

ரிக்கு ஊர்:
பேரேடு அண்ணன் சொல்றது எல்லாம் திருப்பூருக்குச் சரிங்க. திருச்செங்கோட்டுக்கு வாங்க. ஒரு ரிக்கு (போர்வெல் போடற) வண்டி மத்தியப் பிரதேசத்துல ஓடும், ஒண்ணு சத்தீஸ்கர்ல. டீசல் பில் ஒரு பாசையில, வெல்டிங் பில் இன்னொரு பாசையில, பாதிக்குப் பில்லே கிடையாது. ஒரே ஆளுக்கு ஒரே நாள்ல 10,000-க்கு மேல ரொக்கமாக் கொடுத்தா அந்தச் செலவு வருமான வரிக் கணக்குல நிக்காது. சரக்கு லாரி வாடகைக்குன்னு லாரிக்காரருக்குக் கொடுத்தா அந்த வரம்பு 35,000. ரிக்கு லாரி மேலதான் உட்கார்ந்திருக்கு, ஆனா அது சரக்கு வண்டியான்னு கேள்வி வரும். இதுக்கெல்லாம் வழி சொல்ற ஆள் ஆடிட்டர் ஆபீஸ்லதான் இருக்கார். ரிக்கு கம்பெனியில அக்கவுண்ட்ஸ் டிப்பார்ட்மெண்ட்னு ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு அண்ணன். அவர்கிட்ட அப்ரெண்டிஸ் போட்டு என்ன கத்துக்க?

லாரிக்கும் அப்படித்தான். 10 வண்டிக்கு மேல இல்லாதவர் பான் நம்பரோட எழுதிக் கொடுத்தா வாடகையில டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கற வருமான வரி) பிடிக்க வேண்டியதில்லை. அந்தக் கடுதாசியை வாங்கி வைக்காம விட்டுட்டு, அசெஸ்மெண்ட்ல மாட்டற கம்பெனிகளைப் பார்க்கணும்னா சங்ககிரிப் பக்கம் வாங்க.

கொடிவேரி:
சின்னக் கம்பெனிக்குப் போகச் சொல்லலைங்க. 4 முதல் 29 பேர் வரைக்கும் இருக்கற இடத்துல அப்ரெண்டிஸ் வெக்கறது விருப்பம்தான், கட்டாயம் இல்லை. அங்க போறவன் கேட்டுட்டுப் போகட்டும். நான் சொல்றது அக்கவுண்ட்ஸ்ல அஞ்சாறு பேராவது இருக்கற இடம். ஜிஎஸ்டி-யில 14-ஆம் தேதி 2பி (நமக்கு வித்தவங்க ஏத்தின பில் பட்டியல்) வருது, 20-ஆம் தேதி 3பி (மாச வரி ரிட்டர்ன்) போடணும். நடுவுல இருக்கற அந்த ஆறு நாள் யாரோட மேசையில ஓடுதோ அந்த மேசைக்குப் பக்கத்துல உட்காரணும்.

அங்க என்ன ஆகும்னா, நிட்டிங், ஸ்டிச்சிங் யூனிட் நிறையப் பேர் காலாண்டு ரிட்டர்ன்காரங்க. ஏப்ரல் பில்லை அவங்க ஐஎஃப்எஃப்-ல் (காலாண்டுக்காரங்க நடு மாசங்கள்ல பில் ஏத்தற வசதி) மே 13-க்குள்ள ஏத்தலைன்னா, அடுத்த மாச ஐஎஃப்எஃப்-லயும் விட்டுட்டா, அது ஜூன் மாச 2பி-யிலதான் வரும், அதாவது ஜூலை 14-ல். அது தெரியாத பையன் மே மாசமே "பில் வரலை, பேமெண்ட் நிறுத்துங்க"ன்னு மெயில் போடுவான், யூனிட்காரர் துணியை நிறுத்திடுவார். இன்னொரு பக்கம், பில் நம்பர் 0123-ன்னு அவங்க போட, நாம 123-ன்னு ஏத்தியிருப்போம், பொருந்தாது. இப்ப ஜிஎஸ்டி போர்ட்டல்ல ஐஎம்எஸ்ங்கற வசதி வந்த பிறகு ஏத்துக்கறதா, மறுக்கறதா, நிலுவையான்னு ஒவ்வொரு பில்லுக்கும் முடிவு எடுக்கலாம். யோசிக்காம மறுத்துட்டா அந்த யூனிட்காரர் போன்ல கூப்பிடுவார். அந்தப் போனை எடுக்கப் பழகறதும் பயிற்சிதான்.

நொய்யல்:
அதெல்லாம் நடக்கற இடத்துல நடக்கும். நடக்காத இடத்துல? கம்பெனி ஒப்பந்தத்தைப் போர்ட்டல்ல ஏத்தாமலே "டிரெய்னி"ன்னு பேர் வெச்சு உட்கார வைக்கறாங்களே, அதைப் பேசுங்க.

கொடிவேரி:
அது அப்ரெண்டிஸே இல்லை, அந்த விசயத்துல உங்க பக்கம்தான். ஒப்பந்தம் பதிவாகலைன்னா அவன் சாதாரண ஊழியன். ஈ.எஸ்.ஐ.க்குள்ள வர்ற கம்பெனியில் 21,000 வரைக்கும் சம்பளம்னா அவன்கிட்ட 0.75, முதலாளிகிட்ட 3.25 சதவிகிதம் பிடிக்கணும். அதனால முதல் வாரத்துலயே ஒப்பந்த எண்ணை வாங்கிப் பாருங்க. பேங்க் கணக்குல ஆதார் இணைச்சிருக்கான்னும் பாருங்க. அரசோட பங்கு நேரா அங்கதான் வரும், இணைக்கலைன்னா மாசக்கணக்கா வராது. அதைக் கம்பெனி முழுங்கிட்டதா நினைச்சு எச்.ஆர். கூடச் சண்டை போட்டு ஒண்ணும் ஆகாது.

இளநீர்:
ஒரு சந்தேகங்க. ஆர்ட்டிகல் சேர்ந்துட்டு, ஆபீஸ் சரியில்லைன்னா மாத்திக்கலாமா? லீவு எவ்வளவு?

நொய்யல்:
நினைச்சா மாத்தற சமாச்சாரம் இல்லை தம்பி. படிவம் 109, பிரின்சிபல் (பயிற்சி தர்ற ஆடிட்டர்) கையெழுத்து, ஏத்துக்கற மாதிரி காரணம், எல்லாம் வேணும். அதனால சேர்றதுக்கு முன்னாடியே விசாரிக்கணும். லீவு வருசத்துக்கு 12 நாள், ரெண்டு வருசத்துக்கு 24. ஃபைனல் பரீட்சை பயிற்சி முடிஞ்சு 6 மாசம் கழிச்சுத்தான், அதனால முன்னைப்போல படிப்பு லீவு கேட்டு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. வாரம் 35 மணி நேரம்னு விதி. செப்டம்பர் 30 வரித் தணிக்கைக் கெடு நெருங்கினா அந்த 35-ஐ யாரும் எண்ண மாட்டாங்க, அதையும் சொல்லிடறேன். சேர்ந்த 30 நாளைக்குள்ள படிவம் 103 (ஆர்ட்டிகல் பதிவு) போயிருச்சான்னு நீயே போர்ட்டல்ல பார். தாமதமானா இழக்கறது உன் நாள்தான், ஆடிட்டரோடது இல்லை.

பேரேடு:
தம்பிக்கு இன்னொரு விசயம். ஆர்ட்டிகல்லயே கடைசி வருசத்துல 9 முதல் 12 மாசம் இண்டஸ்ட்ரியல் டிரெயினிங்னு கம்பெனிக்குப் போகலாம். அங்க வேலை பார்க்கற சி.ஏ. உறுப்பினர் ஒருத்தர் கீழ பயிற்சி. போறதுக்கு 3 மாசம் முன்னாடியே பிரின்சிபலுக்குச் சொல்லணும். நொய்யல் அண்ணன் இதைச் சொல்லாம விட்டது ஏன்னு தெரியலை.

நொய்யல்:
சீசன்ல ஆள் போயிடுவான்னு ஆபீஸ்காரங்க அதை வெளியே சொல்றதில்லை. எழுதிட்டீங்கல்ல, சரி.

ஆனா இதையும் எழுதுங்க. சிறு, குறு யூனிட்டுக்குப் பில் ஏத்துக்கிட்ட நாள்ல இருந்து எழுத்து ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள், இல்லைன்னா 15 நாளைக்குள்ள பணம் போகணும். 45 நாள்னா பிப்ரவரி 10 பில்லுக்கு மார்ச் 27 கெடு. மார்ச் 31 வரைக்கும் கொடுக்கலைன்னா அந்தச் செலவு இந்த வருசம் கிடையாது, கொடுக்கற வருசத்துலதான். பிப்ரவரி 20 பில்லுக்கு ஏப்ரல் 6 வரைக்கும் இருக்கு, அதுக்குள்ள கொடுத்தா இந்த வருசமே நிக்கும். இந்தப் பட்டியலை உத்யம் (சிறு, குறு நிறுவனப் பதிவு) சான்றிதழோட ஒப்பிட்டு, வியாபாரிகளைக் கழிச்சுட்டு, வரிசையாப் போட்டுத் தர்ற அப்ரெண்டிஸ் ஒருத்தனை எந்தக் கம்பெனியிலயாவது காட்டுங்க. இதை ஒவ்வொரு ஏப்ரல்லயும் போடறது ஆர்ட்டிகல் பசங்கதான்.

பேரேடு:
பட்டியல் போடறது அவங்கதான். எழுத்து ஒப்பந்தம் எங்க இருக்குன்னு தெரியாததால எல்லாத்தையும் 15 நாள்ல போட்டு, கம்பெனிக்காரரை பயமுறுத்தறதும் அவங்கதான்.

ரிக்கு ஊர்:
😄 அண்ணா, நடுவுல ஒண்ணு. மேல 9.75 கிலோவுக்கு 3,900 டெபிட் நோட்டுன்னீங்களே, அதுக்கு ஜிஎஸ்டி போடணுமா, வேண்டாமா?

பேரேடு:
துணி நம்மளோடது, அவர் செஞ்சது சேவை மட்டும். சேவை விலையில கழிக்கறதா எழுதினா ஒரு மாதிரி, துணிக்கு நட்ட ஈடா எழுதினா வேற மாதிரி. டையிங்காரரோட போட்ட ஒப்பந்தத்துல அந்த நிபந்தனை எப்படி இருக்குன்னு பார்க்காம பதில் சொல்ல மாட்டேன்.

நொய்யல்:
நான் சொல்றேன், ஆனா அதுக்குள்ள நடத்துநர் கதவைச் சாத்திருவார்.

நடத்துநர்:
அதுக்குத் தனி இழை திறங்க. லாட் கணக்கும் ஒப்பந்த நிபந்தனையும் போட்டுத் திறங்க.