ட்ரூபல் 10: உள்ளுக்கு விடாத ஆக்களுக்கு எங்கட தமிழ் லொகின் பக்கம் வருகுதில்லை, உதவுங்கோ

கோண்டாவிலான்:
வணக்கம். எங்கட ஊர் வாசிகசாலைக்கு ட்ரூபல் எண்ட தளம் கட்டுற மென்பொருளில ஒரு தளம் செய்து குடுத்தனான், பழைய ஆண்டு மலருகளை ஸ்கான் பண்ணி ஏத்தியிருக்கிறம், அதுகளில ஆக்களின்ர வீட்டு விலாசம், குடும்பப் படம் எல்லாம் கிடக்கிறதால அங்கத்தவர் மட்டும் பாக்கிற மாதிரி கொன்ரென்ற் அக்சஸ் எண்ட மொடியூலால (ட்ரூபலில சேக்கிற துண்டு மென்பொருள்) பூட்டியிருக்கு. வைபரில லிங்க் போட்டா வெளிநாட்டு ஆக்கள் லொகின் பண்ணாமல் நேர அதை அமத்துகினம், உடன "அக்சஸ் டினைட்" எண்டு இங்கிலிசில வருகுது, கீழ ஒண்டுமே இல்லை. ரொறன்ரோவில இருக்கிற ஒரு மாமி, எழுபது தாண்டினவா, "தம்பி என்ர பேரை வெட்டிப்போட்டியளோ" எண்டு வொய்ஸ் மெசேஜ் போட்டிருந்தவா. கேக்க எனக்கு ஒரு மாதிரிப் போச்சு.

அதால தமிழில வடிவா ஒரு பக்கம் எழுதி, தள விவரம் எண்ட செற்றிங்ஸில 403 (பாக்க உரிமை இல்லை எண்டு சொல்லுற பிழை) பக்கத்துக்கு இருக்கிற பெட்டியில அதின்ர பாதையைக் குடுத்தன். நேர திறந்தா எனக்கு நல்லா வருகுது. மாமிக்கு இன்னும் அதே இங்கிலிஸ் வரி தான். ரெண்டு நாளா மண்டையைப் பிய்க்கிறன்.

பருத்தித்துறை வடை:
அண்ணை, மாமிக்கு வாறது உங்கட தளத்தின்ர தலைப்பு, மெனுவோடயோ, இல்லாட்டி வெறும் வெள்ளைப் பக்கத்தில "ஃபோர்பிடன்" எண்டோ? வெள்ளையெண்டா அது அப்பாச்சி எண்ட வெப் சேவர் தாற 403, ட்ரூபலுக்கு அந்தக் கதையே தெரியாது, கோப்புறையின்ர பெர்மிஷனைத் தான் பாக்கோணும்.

கோண்டாவிலான்:
மெனுவோட தான் தம்பி. ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பினவா.

நல்லூர் வீதி:
அப்ப ட்ரூபல் தான். நீங்கள் எழுதின தமிழ்ப் பக்கம் எந்த உள்ளடக்க வகையில (கொன்ரென்ற் ரைப்) செய்தது? மலருகள் இருக்கிற அதே வகையிலயோ?

கோண்டாவிலான்:
ஓம், "அங்கத்தவர் பக்கம்" எண்ட வகையில தான், அதில தான் வடிவான டிசைன் இருக்கு.

நல்லூர் வீதி:
அது தான் பிழை, அந்த வகை அங்கத்தவருக்கு மட்டும் எண்டு பூட்டினது. கதவைப் பூட்டிப்போட்டு அறிவித்தலை வீட்டுக்குள்ள ஒட்டியிருக்கிறியள். 403 க்குக் குடுத்த பக்கத்தைப் பாக்க வந்த ஆளுக்கு உரிமை இருக்கோ எண்டு ட்ரூபல் முதல்ல பாக்கும், இல்லையெண்டா அதைக் காட்டாமல் தன்ர வழமையான வரியைப் போட்டுடும். நீங்கள் அட்மினா லொகின் பண்ணியிருக்கிறபடியா உங்களுக்கு எல்லாம் திறக்குது. எப்பவும் இன்கொக்னிற்றோ விண்டோவில சோதிச்சுப் பாருங்கோ.

சாதாரண பேசிக் பேஜ் வகையில திரும்பச் செய்யுங்கோ, அநாமதேய ஆக்களுக்கு வெளியான பக்கங்களைப் பாக்கிற பெர்மிஷன் இருக்கோணும், பாதையை ஸ்லாஷோட தொடங்கோணும். மாத்தின கையோட கேஷையும் (ட்ரூபல் சேமிச்சு வச்சிருக்கிற பக்கப் பிரதிகள்) துடைச்சுவிடுங்கோ, 403 பக்கங்களை அது வழமையா 3600 செக்கன் பிடிச்சு வச்சிருக்கும், ஒரு மணித்தியாலம் பழசையே பாத்துக் குழம்புவியள்.

பருத்தித்துறை வடை:
403 பெட்டியில ஸ்லாஷ் யூசர் ஸ்லாஷ் லொகின் (ட்ரூபலின்ர லொகின் பக்கம்) எண்டு நேர குடுத்தாப் போதாதோ? நான் அப்பிடித் தான் வச்சிருக்கிறன்.

நல்லூர் வீதி:
லொகின் பண்ணாத ஆளுக்குச் சரி. ஏற்கனவே லொகின் பண்ணின, ஆனா அந்தப் பகுதிக்கு உரிமை இல்லாத ஆளுக்கு லொகின் பக்கமும் திறக்காது, திரும்ப அதே இங்கிலிஸ் வரி தான் வரும். சந்தா கட்டாத ஆக்கள் அதில தான் மாட்டுவினம். பேசிக் பேஜில தமிழ் விளக்கத்தைப் போட்டு அதுக்குக் கீழ "யூசர் லொகின்" புளொக்கை (லொகின் பண்ணுற பெட்டி) வச்சா ரெண்டு பேருக்கும் பொருந்தும், லொகின் பண்ணின ஆளுக்கு அந்தப் புளொக் தானாவே மறைஞ்சிடும், விளக்கம் மட்டும் நிக்கும்.

புளொக்கைப் பக்கத்தின்ர பாதையை வச்சு மட்டுப்படுத்தாதேங்கோ, 403 நேரம் முகவரி மாமி அமத்தின லிங்காகவே இருக்கும், அதால பாதை பொருந்தாது. புளொக்கின்ர செற்றிங்ஸில "ரெஸ்பொன்ஸ் ஸ்ரேற்றஸ்" எண்ட தெரிவில 403 ஐ மட்டும் ரிக் பண்ணுங்கோ. முகவரி மாறாததில ஒரு நன்மையும் இருக்கு, லொகின் பண்ணினதும் ஆள் கேட்ட மலருக்கே நேர போவா, முகப்பில இருந்து தேடத் தேவையில்லை.

கோண்டாவிலான்:
இப்ப தான் செய்து பாத்தன், வேலை செய்யுது!! விளக்கத்தில முதல் வரியே "உங்கட பேர் நீக்கப்படேல்லை, உள்ளுக்குப் போக லொகின் பண்ணுங்கோ" எண்டு கொஞ்சம் பெரிய எழுத்தில போட்டிருக்கிறன்.

சுண்ணாகம் பழசு:
தம்பி, இன்னொண்டு. மலரின்ர பிடிஎஃப் லிங்கை மட்டும் கொப்பி பண்ணி லொகின் இல்லாமல் திறந்து பாருங்கோ.

கோண்டாவிலான்:
ஐயோ, திறக்குது அண்ணை.

சுண்ணாகம் பழசு:
பப்ளிக் ஃபைலா ஏத்தினா அப்பிடித் தான், சேவர் நேர தூக்கிக் குடுத்திடும், ட்ரூபல் உரிமை பாக்காது. வெப் கோப்புறைக்கு வெளியில ஒரு இடம் எடுத்து அந்தப் பாதையை செற்றிங்ஸ் கோப்பில பிரைவேற் ஃபைல் இடமாக் குடுங்கோ. ஏற்கனவே கோப்பு இருக்கிற ஃபீல்டில (கோப்பு ஏத்துற பெட்டி) சேமிக்கிற இடத்தை மாத்த விடாது, புது ஃபீல்ட் ஒண்டு செய்து மலருகளைத் திரும்ப ஏத்தி, பழசுகளை அழிக்கோணும். கரைச்சல் தான், ஆனா சனத்தின்ர விலாசமெல்லோ. விலாசம் இல்லாத கதை, கவிதைப் பக்கங்களைப் பிரிச்சு எல்லாரும் பாக்க விடுங்கோ, 1981 இல யாழ் நூலகம் எரிஞ்ச ஊரில வாசிக்கிறதை எல்லாம் பூட்டி வைக்கக் கூடாது.

கோண்டாவிலான்:
சரி அண்ணை, அந்தப் பக்கங்களைத் திறந்து விடுறன். இப்போதைக்கு பிடிஎஃப் எல்லாத்தையும் தளத்தில இருந்து எடுத்திட்டன், இண்டைக்கு இரவு புது ஃபீல்டில ஏத்திறன். மாமிக்கும் லிங்க் அனுப்பி, லொகின் வருகுதோ எண்டு பாக்கச் சொன்னனான், "வருகுது தம்பி, தமிழில வருகுது" எண்டு பதில் போட்டவா.