காசு கொடுத்து ரெஸ்யூம் எழுதி வாங்கினவங்க, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பின்னலாடைக்காரன், திருப்பூர்

நடந்து ரெண்டு மாசம் ஆச்சுங்க. இன்னும் படுக்கப் போறப்ப ஞாபகம் வருது. ஆன்லைன்ல ஒரு சர்வீஸ், பேரு வேண்டாம். 4,500 ரூபா, அதுக்கு மேல 18% ஜி.எஸ்.டி. பழைய பயோடேட்டாவை வாட்ஸ்அப்ல அனுப்பினேன், மூணு நாள்ல பி.டி.எஃப். வந்துருச்சு. நடுவுல ஒரு போன்கூட இல்ல.

சென்னையில ஒரு பையிங் ஆபீஸ்ல, அதாவது வெளிநாட்டு பிராண்டுகளுக்குத் துணிமணி வாங்கிக் கொடுக்குற ஆபீஸ்ல இன்டர்வியூ. எதிர்ல இருந்த மேடம் பேப்பரை என் பக்கம் திருப்பி வெச்சு, ஒரு வரி மேல பேனாவை வெச்சாங்க. "டெனிம் எந்த யூனிட்ல பண்ணீங்க?"

நான் ஒம்பது வருஷமா டி-ஷர்ட்டும் உள்ளாடையும் பண்றவன். நூல் வாங்குறதுல இருந்து நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கார்ட்டன் ஏத்துற வரைக்கும் கூடவே ஓடினவன். எல்லாமே பின்னல் துணி. அந்த வரியில வோவன் (தறியில நெய்யுற) துணி கொள்முதல், டெனிம் வாஷிங்னு போட்டிருந்துச்சு. என்னை மாதிரி ஆர்டரை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் பாத்துக்குற வேற யாரோ மெர்ச்சண்டைசரோடதுல இருந்து எடுத்து ஒட்டியிருக்காங்க. "எழுதிக் கொடுத்தவங்க தப்பா போட்டுட்டாங்க மேடம்"னேன். அவங்க பேனாவை எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் லேப் டிப் (சாயக் கலர் சாம்பிள்) பத்தியோ பி.பி. சாம்பிள் (உற்பத்திக்கு முந்தின சாம்பிள்) பத்தியோ ஒண்ணுமே கேக்கல. கேட்டிருந்தா ஒரு மணி நேரம் பேசியிருப்பேனுங்க.

டெஸ்டிங் ஆளு, நாவலூர்

எனக்கு நடந்தது வேற மாதிரி. ஒரு ரெஸ்யூம் சர்வீஸ்ல, இலவசமா ஏ.டி.எஸ். ஸ்கோர் பாத்துச் சொல்றோம்னாங்க. ஏ.டி.எஸ்.னா கம்பெனிங்க வர்ற ரெஸ்யூமை வாங்கிப் படிக்க வெச்சிருக்குற சாஃப்ட்வேர். 38 மார்க்னு வந்துச்சு. பக்கம் முழுக்க சிவப்பு. லே-ஆஃப் ஆகி அஞ்சாவது வாரம், ஈ.எம்.ஐ. தேதி பக்கத்துல நிக்குது. பயத்துல அன்னிக்கே பணம் கட்டிட்டேன்.

வந்த ரெஸ்யூம்ல பக்கத்தை நெடுக ரெண்டு பத்தியாப் பிரிச்சிருந்தாங்க, இடது பக்கம் நீலப் பட்டை, ஜாவா தெரியுங்கிறதுக்கு அஞ்சுல நாலு நட்சத்திரம். ஒரு கம்பெனி போர்ட்டல்ல ஏத்தினேன். தானா நிரம்புற ஃபார்ம்ல என் பேர் இருக்க வேண்டிய இடத்துல பழைய கம்பெனி பேர் வந்து உக்காந்துடுச்சு. போன் நம்பர் கட்டம் காலி, ஏன்னா நம்பரை ஹெடர்ல (பக்கத்தோட மேல் ஓரத்துல) வெச்சிருந்தாங்க. இதே மாதிரி ஏற்கனவே எத்தனை இடத்துக்கு அனுப்பியிருந்தேன்னு எண்ணிப் பாத்தேன். 27.

அன்னிக்கு ராத்திரி அவங்க எழுதிக் கொடுத்ததையே, பேரையும் நம்பரையும் மட்டும் மாத்தி, அவங்களோட அதே இலவச செக்கர்ல போட்டேன். 41.

ஏ.சி. டெக்னீஷியன், கடையநல்லூர்

நாவலூர் தம்பி, எல்லாருக்கும் ஏ.டி.எஸ். கிடையாது. வளைகுடாவுக்குப் போற எங்க ஆளுங்க சி.வி.யை மும்பையிலயோ சென்னையிலயோ ஒருத்தர் கையில வெச்சுதான் படிக்கார். அதுல போட்டோ இருக்கணும், பாஸ்போர்ட் எதுவரைக்கும் செல்லும்னு இருக்கணும், அங்கயே இருந்தா விசா மாத்திக்க முடியுமான்னு இருக்கணும், அந்த ஊர் லைசென்ஸ் இருந்தா அது முதல் பக்கத்துல வரணும். அமெரிக்காவுக்கு எழுதுற மாதிரி போட்டோ இல்லாம எழுதிக் குடுத்தா ஓரமா வெச்சிருவாங்க.

நான் ஆன்லைன் பக்கமே போகல. தென்காசி பஸ் ஸ்டாண்டு கிட்ட டைப்பிங் கடை வெச்சிருந்த ஒரு அண்ணாச்சி. 300 ரூபா. ரெண்டு மணி நேரம் என்னை ஸ்டூல்ல உக்கார வெச்சுக் கேட்டாரு. "சில்லரா, ஸ்ப்ளிட்டா? எத்தனை டன்? நீயே கம்ப்ரஸரைப் பிரிச்சியா, இல்ல பக்கத்துல நின்னியா?" பக்கத்துல நின்னேன்னு சொன்னேன். "அப்ப உதவினேன்னுதான் எழுதுவேன்"னாரு. எனக்கு முகம் சுருங்கிப் போச்சு. தோஹாவுல டிரேட் டெஸ்ட் வெச்சப்ப, உதவின வேலையை உதவின மாதிரிதான் கேட்டாங்க. பாஸ் ஆயிட்டேன்.

ஆள்சேர்ப்பில் 11 வருடம், கோவை

மெர்ச்சண்டைசர் நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். சர்வீஸின் தவறு பாதி. அனுப்புவதற்கு முன்னால் நீங்கள் படித்திருக்க வேண்டும். நீங்கள் எழுதாத ஒரு வாக்குமூலத்தை மேஜைமேல் வைத்துவிட்டீர்கள்.

என் பக்கம் நடந்தது சுருக்கமாக: ஒரு பையன் எல்லா ரவுண்டும் தாண்டினான். ஆஃபர் லெட்டர் தயார். பின்னணிச் சரிபார்ப்பில் பி.எஃப். கணக்கின் சர்வீஸ் ஹிஸ்டரியைப் பார்த்தால், ரெஸ்யூமில் இருந்த ஒரு கம்பெனி அங்கே இல்லவே இல்லை. "எழுதிக் கொடுத்தவர் சேர்த்தது சார்" என்றான். ஆஃபரை நான்தான் ரத்து செய்தேன். போனில் அவன் அப்பா பேசினார்.

அதனால் சொல்கிறேன். பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எழுதப்போகிறவர் என்னோடு நேரில் அல்லது போனில் பேசுவாரா? பேசமாட்டார் என்றால் விட்டுவிடுங்கள். பி.டி.எஃப். மட்டும் தருவேன் என்பவரிடம் வேர்ட் கோப்பையும் கேளுங்கள்; நாளைக்கு ஒரு வரி மாற்ற மறுபடி காசு கேட்பார்கள். எத்தனை முறை திருத்தித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள், ரசீது வாங்குங்கள். ரசீது இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்ய முடியும். வேலைக்கே உத்தரவாதம் என்று சொல்லி ஆன்லைனில் பணம் பறித்திருந்தால் அது வேறு கதை, உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். வெளிநாட்டு வேலை என்றால், பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், அதற்கு மேல் சி.வி. செலவு, போர்ட்டல் செலவு என்று தனித்தனியாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். நட்சத்திரம், பட்டை, கட்டம் எதுவும் வேண்டாம். பக்கத்தைப் பிரிக்காமல் ஒரே பத்தியாக, சாதாரண எழுத்துரு, போன் நம்பர் ஹெடரில் அல்ல, பக்கத்துக்குள்ளேயே.

பின்னலாடைக்காரன், திருப்பூர்

கோவை சார், படிச்சேனுங்க. ரெண்டு தடவை படிச்சேன். டெனிம்னு இருந்ததும் கண்ணுல பட்டுச்சு. நான் தமிழ் மீடியம். அந்த இங்கிலீஷ் அவ்வளவு நல்லா இருந்துச்சு. இப்படி எழுதுறதுதான் முறை போல, துணித் தொழில்னா பொதுவா எல்லாத்தையும் போடுவாங்க போலன்னு நினைச்சுட்டேன். என் வேலை எனக்குத் தெரியுங்கிறதைவிட அவங்க இங்கிலீஷ் பெருசாத் தெரிஞ்சுருச்சு. இதைத்தான் என்னால மறக்க முடியல.

ஆறு வருட இடைவெளி, மதுரை

பின்னலாடை அண்ணா, உங்க கடைசி பதிவைப் படிச்சு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். எனக்கு எழுதினவங்க போன் பண்ணினாங்க, மரியாதையாத்தான் பேசினாங்க. ஆனா பாப்பா பிறந்து, அப்புறம் மாமியாருக்கு டயாலிசிஸ்னு போன அந்த ஆறு வருஷத்தை "சுயாதீன ஆலோசகர்"னு போட்டிருந்தாங்க. "யாருக்கு ஆலோசகர்?"னு கேட்டேன். "அதெல்லாம் கேக்க மாட்டாங்க மேடம்"னாங்க. நானே அழிச்சிட்டு, குடும்பப் பொறுப்புக்காக இடைவெளின்னு ஒரு வரி எழுதினேன். மூணாவது இன்டர்வியூல அந்த வரியைப் பாத்த ஒருத்தர், தன் அம்மாவுக்கும் வாரம் மூணு நாள் டயாலிசிஸ்னு சொன்னார். அப்புறம் டேலியில (கணக்கு எழுதுற சாஃப்ட்வேர்) என்ன வெர்ஷன் தெரியும்னு கேட்டார்.

பின்னலாடைக்காரன், திருப்பூர்

கடையநல்லூர் அண்ணே, அந்த தென்காசி அண்ணாச்சி கடை இன்னும் இருக்குங்களா?

ஏ.சி. டெக்னீஷியன், கடையநல்லூர்

கடையை எடுத்துட்டாரு தம்பி. வீட்டுல இருந்து செய்யுதாரு. நம்பரைத் தனியா அனுப்புதேன். பின்னலாடை பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியாது, அதனால மொதல்ல இருந்து கேப்பாரு. ஞாயித்துக்கிழமை காலையில கூப்பிடு, சாப்பிட்டுட்டுக் கூப்பிடு.