ஆண்ட்ரோமெடா படத்தில் அழியாத செயற்கைக்கோள் கோடுகள்: உதவி தேவை

ஜனவரி அமாவாசையன்று ஜவ்வாது மலையில் எடுத்த ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கினால், செயற்கைக்கோள் கோடுகள் மங்கலாக மிஞ்சுகின்றன. ஒன்று எம்110 துணை விண்மீன் மண்டலத்தின் மேலேயே ஓடுகிறது.

கேனன் 200டி, 135 மி.மீ. லென்ஸ், எஃப்/2.8, ஐஎஸ்ஓ 1600. வானத்தின் நகர்வுக்கேற்பக் கேமராவைத் திருப்பும் டிராக்கர் சரியாகவே வேலை செய்தது. விண்மீன்கள் புள்ளியாக இருக்கின்றன. இரவு 7 முதல் 7:45 வரை தலா 60 வினாடியில் 24 படங்கள் மட்டும். பிறகு மேகம் மூடிவிட்டது. அந்நேரம் தரையில் இருட்டினாலும் மேலே செயற்கைக்கோள்கள் மீது வெயில் படும் என்பதை யோசிக்காதது என் தவறுதான். 11 படங்களில் கோடு! 25 லட்சம் ஆண்டுகள் பயணித்து வந்த ஒளியின் குறுக்கே, சில நூறு கி.மீ. உயரத்தில் ஒரு தகடு.

டீப்ஸ்கைஸ்டாக்கர் என்ற அடுக்கும் மென்பொருளில், சராசரியிலிருந்து அதிகம் விலகும் பிக்சல்களை ஒதுக்கும் கப்பா-சிக்மா முறையில், ஒதுக்கும் வரம்பான கப்பாவை 2 வரை இறக்கியும் தடயம் போகவில்லை. நடு மதிப்பை எடுக்கும் மீடியன் முறையில் கோடு மறைந்தது, ஆனால் படத்தில் இரைச்சல் (புள்ளி புள்ளியான கரடு) கூடியது. அந்த 11 படங்களையும் நீக்கினால் மண்டலத்தின் வெளிக்கரங்களே காணாமல் போகின்றன.

அடுக்குவதற்கு முன், ஒவ்வொரு படத்திலும் கோடு விழுந்த பகுதியை மட்டும் கணக்கிலிருந்து விலக்க என்ன வழி?