ஏரேட்டர் ஓடியும் உயிர் இறால் செத்துப்போகிறது, எங்கே தவறு?

கோவளம் தூண்டில்:
வணக்கம். ஞாயிறுதோறும் முட்டுக்காடு முகத்துவாரத்தில் கரையில் நின்று கொடுவா மீனுக்குத் தூண்டில் போடுகிறேன். இரை உயிர் இறால்தான். விடியற்காலை 5 மணிக்கு, உப்பங்கழியில் வலை வீசுகிற ஒரு அண்ணனிடம் விரல் நீள வெள்ளை இறால் 30 வாங்குவேன். 20 லிட்டர் பெயிண்ட் வாளி, தண்ணீரில் காற்று விடும் பேட்டரி ஏரேட்டர், மூடி எல்லாம் இருக்கிறது. ஆனாலும் ஏழரை மணிக்குள் பாதிக்கு மேல் போய்விடுகிறது. கொடுவா வருகிற நேரத்தில் கையில் செத்த இறால்தான் மிஞ்சுகிறது. மூன்று வாரமாக இதே கதை. ஏரேட்டரை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

ஈயக்குண்டு:
சாவதற்கு முன்னால் இறால் என்ன செய்கிறது என்று பார்த்தீர்களா? எல்லாம் மேலே வந்து வாளி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் காற்று போதவில்லை. அடியில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் வேறு காரணம். தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

கோவளம் தூண்டில்:
மேலே வரவில்லை சார். அடியில் சாய்ந்து கிடக்கிறது. வாங்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே குடல் கோடுகூடத் தெரியும். பிறகு வால் பக்கத்திலிருந்து பால் ஊற்றியது போல வெளுத்துக்கொண்டே வருகிறது. சிலது வால் வளைந்தபடியே விறைத்துவிடுகிறது, விரலால் நிமிர்த்தினாலும் நிமிராது. தண்ணீர், அண்ணன் கொடுக்கும் கழி நீர் கால் வாளி. மீதியைக் கரைக்கு வந்ததும் அலையில் மொண்டு நிரப்புவேன். வெயில் ஏறினால் வீட்டு ஃபிரிட்ஜ் ஐஸ் கட்டி ஒரு டிரே போடுவேன்.

பண்ணை அனுபவம்:
தம்பி, நீங்கள் கேட்காமலே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். நான் நாகப்பட்டினம் பக்கம் இறால் பண்ணையில் சில வருடம் வேலை பார்த்தவன். தசை வெளுப்பதும் வால் வளைந்து விறைப்பதும் அதிர்ச்சியின் அடையாளம். கோடையில் குளத்திலிருந்து இறாலைச் சூடான காற்றில் தூக்கிக் கையாண்டாலே வால் இழுத்துக்கொள்ளும், நாங்கள் அடிக்கடி பார்த்ததுதான்.

உங்கள் இறாலுக்கு அதிர்ச்சி இரண்டு முறை. முதலாவது உப்பு. மழை மாதங்களில் கழி நீரில் உப்பு குறைவு. முகத்துவாரம் மணலால் அடைபட்ட கோடையில் நேர்மாறாக ஏறும். அந்த நீரிலிருந்து வந்த இறால் மேல் முக்கால் வாளி கடல் நீரை ஒரே மூச்சில் ஊற்றுகிறீர்கள். இறால் இரண்டிலும் வாழக்கூடியதுதான். ஆனால் மாறுவதற்கு அதற்கு நேரம் வேண்டும்.

இரண்டாவது ஐஸ். நேரடியாகப் போட்டால் சூடு சட்டென்று இறங்கும், உப்பும் குறைந்துவிடும். குழாய்த் தண்ணீரில் செய்த ஐஸ் என்றால் குளோரினும் சேரும். ஐஸைத் தண்ணீர் பாட்டிலுக்குள் உறைய வைத்து, மூடியோடு வாளிக்குள் மிதக்க விடுங்கள். அரை மணிக்கு ஒன்று போதும். கையை விட்டால் லேசான குளிர்ச்சி தெரிய வேண்டும், சில்லென்று இருக்கக் கூடாது.

குளிர்ச்சி அவசியம் என்பதும் உண்மைதான். 30 டிகிரி கடல் நீரில் முழுக்கக் கரைந்தாலும் லிட்டருக்கு 6 மில்லிகிராம் சுமாருக்குத்தான் ஆக்சிஜன் நிற்கும். 20 டிகிரியில் 7-க்கு மேல் நிற்கும். சூட்டில் இறாலுக்கு மூச்சுத் தேவையும் கூடும். எந்த நிற வாளியாக இருந்தாலும் வெயிலில் வைக்காதீர்கள். என்னைக் கேட்டால் வாளியை விட மீன் வண்டியில் பார்க்கும் தெர்மாகோல் பெட்டிதான் நல்லது. அகலமாக இருப்பதால் காற்று படும் பரப்பும் அதிகம்.

அடுத்த ஞாயிறு ஒரு சோதனை செய்யுங்கள். 15 இறாலை முழுக்க கழி நீரிலேயே வையுங்கள். இன்னொரு 15-ஐ வழக்கம் போல. விடை உங்கள் கண்முன் தெரியும்.

மீன் தொட்டி:
அக்வேரியம் கடையில் குளோரின் எடுக்கும் சொட்டு மருந்து கிடைக்கிறது, அதை ஊற்றிப் பாருங்கள்.

பண்ணை அனுபவம்:
அது குளோரினை மட்டும்தான் எடுக்கும் தம்பி. உப்பும் சூடும் அப்படியேதான் இருக்கும்.

பழவேற்காட்டுக்காரி:
எங்கள் ஏரியில் இருளர் பெண்கள் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பனை ஓலைப் பறியை (கூடையை) வாயில் கடித்துக்கொண்டு, பிடிப்பதை அதில் போடுவார்கள். ஈர ஓலை நடுவில் இறால் துள்ளிக்கொண்டே கிடக்கும். செவுள் காயாத வரை தண்ணீர் இல்லாமலும் கொஞ்ச நேரம் தாங்கும், அண்ணா. வாளி மோசமாகத் தெரிந்தால் கழி நீரில் நனைத்த கோணிச் சாக்கில் பரப்பி, நிழலில் வையுங்கள். வெயில் ஏறும் முன் அரை மணி நேரத்துக்கு இது கைகொடுக்கும். இன்னொன்று: செத்ததை உடனே எடுத்துவிடுங்கள். ஒன்று அழுகினால் தண்ணீரில் நுரை கட்டும், மற்றதும் சேர்ந்து போகும்.

ஈயக்குண்டு:
இறாலில் தூண்டில் முள் குத்தும் இடமும் முக்கியம். தலைக்குள் தெரியும் கருப்புப் புள்ளியில் பட்டால் அந்த நொடியே முடிந்தது. அந்தப் புள்ளிக்கு முன்பக்கம், தலைக் கொம்பின் அடியில், மேல் ஓடு மட்டும் பிடிபடும்படி குத்துங்கள். மெல்லிய முள்ளாக இருக்கட்டும். தூர வீச வேண்டுமென்றால் வாலின் கடைசிக் கணுவில்.

கோவளம் தூண்டில்:
எல்லோருக்கும் நன்றி. இந்த ஞாயிறு சோதித்தேன். அண்ணனிடம் கேட்டு இரண்டு கேன் கழி நீர் வாங்கிக்கொண்டேன். தெர்மாகோல் பெட்டியில் 15, மூடியோடு ஐஸ் பாட்டில். பழைய வாளியில் 15, கடல் நீரும் ஐஸ் கட்டியும். ஏழரைக்கு வாளியில் 9 செத்திருந்தது. பெட்டியில் ஒன்று மட்டும், அதுவும் அப்போதுதான் தானாகத் தோல் உரித்த இறால், தொட்டால் மெத்தென்று இருந்தது. ஒன்பது மணி வரை பெட்டியில் மீசை ஆட்டிக்கொண்டு நின்றன.

எட்டரைக்குத் தக்கை ஒருமுறை ஆழ இறங்கியது. பாறையில் உரசி தூண்டில் நரம்பு அறுந்துவிட்டது, மீனைப் பார்க்கவில்லை. ஆனால் இழுத்த இழுப்பு கொடுவாதான் என்று கை சொல்கிறது. அடுத்த வாரம் கடல் நீரை 15 நிமிடத்துக்கு ஒரு குவளையாகச் சேர்த்துப் பார்க்கப் போகிறேன். இரண்டு கேன் தூக்கிக்கொண்டு மணலில் நடப்பது கஷ்டமாக இருக்கிறது. அந்த வேகத்தில் சேர்த்தால் தாங்குமா, அண்ணே?

பண்ணை அனுபவம்:
தாங்கும். முதல் ஒரு மணி நேரம் அரைக் குவளையாக ஊற்றுங்கள். வால் பக்கம் வெளுக்க ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.