டெக்சாஸ் பெற்றோரே, பக்கத்து வீட்டில் துப்பாக்கி பற்றி எப்படிக் கேட்பது?

டெக்சாஸில் இருக்கும் அக்கா, அண்ணன்மாரே, ஒரு யோசனை வேண்டும். என் எட்டு வயது மகளைத் தோழி வீட்டில் இரவு தங்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், நல்ல குடும்பம்தான், ஆனால் போன வாரம் அங்கே சமையலறை மேடையில், பழக்கூடைக்குப் பக்கத்திலேயே, உறையோடு ஒரு கைத்துப்பாக்கி கிடந்தது. வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008-லேயே உச்ச நீதிமன்றம் ஹெல்லர் வழக்கில் சொல்லிவிட்டது, அந்த உரிமையோடு எனக்குச் சண்டையில்லை. குண்டு போட்ட துப்பாக்கியை அலட்சியமாக விட்டுவைத்து, 17 வயதுக்குக் கீழுள்ள பிள்ளை கையில் அது சிக்கினால் இந்த மாநிலச் சட்டப்படியே குற்றம். சரி, அதற்கப்புறம் சட்டம் வந்து என்ன பயன்? "பூட்டி வைப்பீர்களா" என்று அவர்கள் மனம் நோகாமல் கேட்டவர்கள் யாராவது இருந்தால், எப்படிப் பேச்சை எடுத்தீர்கள், நேரிலா போனிலா என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும்.