கோவிட் வார்டில் அப்பா, மாடியில் அம்மா, துபாயில் அண்ணன்: தினமும் பேச என்ன ஏற்பாடு செய்யலாம்?

பொருநை_மகள் | 14 மே 2021, காலை 7:10

வணக்கம். அப்பாவுக்கு 68 வயது. நேற்று இரவு அரசு மருத்துவமனை கோவிட் வார்டில் சேர்த்திருக்கிறோம். மூக்கில் ஆக்சிஜன் குழாய், நிமிடத்துக்கு 4 லிட்டர் போகிறது. உள்ளே யாரையும் விடுவதில்லை. கவுன்டரில் பை கொடுத்தால் சேர்த்துவிடுகிறார்கள். அப்பா காது மெஷின் போடுபவர். போன் வந்தால் எடுப்பார், வாட்ஸ்அப்பில் தானாக அழைக்கத் தெரியாது. அம்மாவும் பாசிட்டிவ், மாடி அறையில் தனியாக இருக்கிறார். அண்ணன் துபாயில். இந்தியாவிலிருந்து வருபவர்களை அங்கே நிறுத்திவிட்டதால், இங்கே வந்தால் வேலைக்குத் திரும்ப முடியாது. இன்று மாலை ஒரு பை அனுப்பலாம். எந்த போன் அனுப்புவது, எப்படி செட் செய்வது?

செல்_சர்வீஸ்_சிவகாசி | காலை 7:52

சகோதரி, அப்பா தினமும் பயன்படுத்தும் போனை அனுப்பாதீர்கள். அதில் பேங்க் ஓடிபி வரும், ஜிபே இருக்கும். வார்டுக்குப் போகும் போனில் ஸ்க்ரீன் லாக்கே இருக்கக் கூடாது. மாஸ்க் போட்ட முகத்தை ஃபேஸ் அன்லாக் பெரும்பாலும் அடையாளம் காணாது. அப்பாவால் முடியாத நேரத்தில் சிஸ்டர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும், அவர்களுக்கு பேட்டர்ன் தெரியாது. அதனால் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போன், அதில் வேறு சிம். வாட்ஸ்அப்பை அந்த நம்பரில் வீட்டிலேயே ரெஜிஸ்டர் செய்துவிட்டு அனுப்புங்கள். உள்ளே போய் ஓடிபி கேட்டால் அதோடு நின்றுவிடும்.

முகப்புத் திரையில் இருக்கும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கான்டாக்ட்ஸ் விட்ஜெட்டில் 'டைரக்ட் டயல்' மூன்று மட்டும் வையுங்கள்: நீங்கள், அம்மா, அண்ணன். பெயருக்குப் பதில் முகம் பெரிதாகத் தெரியும் போட்டோ போடுங்கள். தொட்டால் நேராக அழைப்பு போகும். எழுத்தின் அளவை முழுக்கக் கூட்டுங்கள். வாட்ஸ்அப்பில் 'அழைப்புகளுக்குக் குறைந்த டேட்டா' என்பதை ஆன் செய்யுங்கள். மீடியா ஆட்டோ டவுன்லோடை ஆஃப் செய்யுங்கள். இரண்டு சிம் போடும் போன் என்றால் இரண்டு வேறு கம்பெனி சிம். வார்டுக்குள் எது எடுக்கும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

'போன் எடுக்கவே மாட்டேங்கிறார்' என்று பதறுகிறவர்கள் பலருக்கு நடந்தது இதுதான்: மேலிருந்து விரலால் இழுக்கும்போது ஏரோப்ளேன் மோடோ, டூ நாட் டிஸ்டர்போ ஆன் ஆகியிருக்கும். இழுத்தால் வரும் அந்தப் பட்டியலிலிருந்து இரண்டு ஐகானையும் எடுத்துவிடுங்கள்.

சார்ஜர் வயர் 2 மீட்டராவது வேண்டும், பிளக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. சார்ஜரிலும் வயரிலும் ஒரே நிற நூல் கட்டுங்கள், பக்கத்துக் கட்டில் சார்ஜரோடு மாறாது. போன் பின்பக்கம் பெயர், வயது, வார்டு, கட்டில் எண், ஐபி நம்பர் (உள்நோயாளி எண்), உங்கள் நம்பர் எழுதி ஒட்டி, அதன்மேல் செல்லோடேப். டேப் இல்லாவிட்டால் சானிடைசர் பட்டதும் மை கலைந்துவிடும்.

வார்டு_சிஸ்டர் | காலை 9:30

நைட் டூட்டி முடிஞ்சு இப்பதான் பார்க்கிறேன்மா. மேல சொன்ன அண்ணன் எல்லாம் சரியா சொல்லியிருக்காங்க. இன்னும் சிலது சேர்த்துக்கோங்க. சார்ஜ் ஆகுற போனும் பவர் பேங்கும் தலையணைக்கு அடியில, போர்வைக்குள்ள போகவே கூடாது. ஆக்சிஜன் ஊறின துணி சின்னப் பொறிக்கே பத்திக்கும். அப்பாகிட்டயும் சொல்லி வையுங்க.

இப்ப 4 லிட்டர் மூக்குக் குழாய்ங்கிறதால பேசலாம். ஆனா பேசப் பேச மூச்சு வாங்கும், சாச்சுரேஷன், அதான் ரத்தத்துல இருக்கற ஆக்சிஜன் அளவு, இறங்கும். மூணு நிமிஷம் போதும். "எப்படி இருக்கீங்க, என்ன சாப்பிட்டீங்க, டாக்டர் என்ன சொன்னாரு"ன்னு அடுக்கினா அவர் நீளமா பதில் சொல்ல வேண்டி வரும். பேச்சை நீங்க பேசுங்க, அவரை 'ம்' போட விடுங்க. "இட்லி வந்துச்சாப்பா? ரெண்டும் சாப்பிட்டீங்களா?" இப்படி. நாளைக்கு பை வெச்ச மாஸ்க், அதான் என்ஆர்எம், போட்டா 10–15 லிட்டர் போகும். பேசுறதுக்காக அதைத் தூக்கவே கூடாதுன்னு இன்னைக்கே சொல்லிடுங்க. பிள்ளைங்க குரல் கேட்டதும் மாஸ்க்கை இறக்கிட்டுப் பேசுறாங்க, சாச்சுரேஷன் மளமளன்னு விழுது. அப்போ வீடியோல முகம் காட்டுங்க, அவர் கையை ஆட்டட்டும். பைபாப், அதான் காத்தை அழுத்தி உள்ள தள்ளுற மூச்சு மெஷின், மாட்டினா பேச்சே வராது, அந்த மெஷின் சத்தத்துல உங்க குரலும் சரியா கேட்காது. அதுக்குன்னு இப்பவே கெட்டி எழுத்துல ஒரு பக்கக் கடிதம் எழுதிப் பையில போடுங்க. மூக்குக் கண்ணாடியை மறந்துடாதீங்க.

காது மெஷின்: அதுக்குப் போடுற பட்டன் பேட்டரி அட்டை இன்னொண்ணு அனுப்புங்க. ஆரஞ்சு ஸ்டிக்கர்னா 13, பிரவுன்னா 312, பழைய அட்டையைப் பார்த்து அதே நம்பர். ஸ்டிக்கரை முன்னாடியே உரிச்சிடாதீங்க, உரிச்சதும் மெஷின்ல போடலைன்னாலும் தீர ஆரம்பிக்கும். போனைக் காதோட ஒட்டி வெச்சா மெஷின் கீச்சுன்னு கத்தும். ஸ்பீக்கர்ல போட்டு ஒரு சாண் தள்ளி வைக்கச் சொல்லுங்க. மாஸ்க் எலாஸ்டிக்கைக் கழட்டும்போது மெஷினும் சேர்ந்து வந்து குப்பைக்குப் போயிடும், அதை வைக்க மூடி போட்ட சின்ன டப்பா ஒண்ணு.

குப்புறப் படுக்கச் சொல்ற நேரத்துல கூப்பிடாதீங்க. டாக்டர் ரவுண்ட்ஸ் முடிஞ்சப்புறம் ஒரு நேரத்தை முடிவு பண்ணுங்க, தினமும் அதே நேரம். வார்டுக்குப் பேசுறதும் வீட்டுல ஒருத்தர் மட்டும். எங்ககிட்ட சாச்சுரேஷன் மட்டும் கேட்காதீங்க, எத்தனை லிட்டர்லன்னும் கேளுங்க. 2 லிட்டர்ல 94-ம் 15 லிட்டர்ல 94-ம் ஒண்ணு இல்ல.

கடைசியா ஒண்ணு, மனசுல வெச்சுக்கோங்க. அந்தப் புது நம்பரை எந்தக் குடும்ப குரூப்லயும் சேர்க்காதீங்க. சொந்தத்துல யாராவது இறந்த செய்தி அதுலதான் முதல்ல வரும். ராத்திரி ரெண்டு மணிக்குத் தனியா படுத்திருக்கிறவர் அதைப் படிக்கக் கூடாது.

ஷார்ஜா_மாப்ள | காலை 10:05

அமீரகத்தில் வாட்ஸ்அப் மெசேஜ், வாய்ஸ் நோட், போட்டோ எல்லாம் போகும். கால் மட்டும் போகாது. போட்டிம் என்ற அழைப்பு ஆப் மாதக் கட்டணத்தில் கிடைக்கும், ஜூம், டீம்ஸும் போன வருஷத்திலிருந்து அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அப்பா போனில் புது ஆப் எதுவும் ஏற்றாதீர்கள். அண்ணன் சாதாரண ஐஎஸ்டி காலில் உங்களை அழைக்கட்டும், நீங்கள் அம்மாவை அழைத்து மெர்ஜ் செய்யுங்கள். மூன்று பேரும் லைனில் வந்தபிறகு கடைசியாக அப்பா. முதலில் அப்பாவைப் பிடித்தால் ஹோல்டில் தனியாக 'ஹலோ, ஹலோ' என்று மூச்சை வீணாக்குவார். மெர்ஜ் பட்டன் வரவில்லை என்றால் கால் செட்டிங்கில் கால் வெயிட்டிங் ஆஃபில் இருக்கிறதா பாருங்கள். இந்திய நேரம் காலை 11 என்றால் அங்கே 9:30, அண்ணன் டூட்டி பார்த்து முடிவு செய்யுங்கள்.

பொருநை_மகள் | காலை 10:40

எல்லோருக்கும் நன்றி. கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன். அம்மாவுக்கு இருமல் அதிகம், லைனில் வந்தால் அப்பா பயந்துவிடுவாரோ என்று இருக்கிறது. அம்மாவை விட்டுவிடலாமா?

வார்டு_சிஸ்டர் | காலை 10:58

விடாதீங்கம்மா. அவங்க குரல் வரலைன்னா அதைவிட மோசமா நினைப்பார். அம்மாவை வாய்ஸ் நோட் பேசச் சொல்லுங்க, 30 செகண்டு. இருமல் வந்தா அழிச்சிட்டு மறுபடி பேசலாம். காலையில எந்திரிச்சு வெந்நீர் குடிச்சதும் தொண்டை கொஞ்சம் தெளிவா இருக்கும், அப்போ எடுத்துடுங்க. அப்பா எப்ப வேணும்னாலும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கலாம், பதில் பேச வேண்டியதில்லை. முதல் நோட்டை போன் அனுப்புறதுக்கு முன்னாடியே அதுல ஏத்திடுங்க, எப்படித் தொட்டுக் கேட்கணும்னு அந்தக் கடிதத்துல படம் போட்டு எழுதுங்க.